முறை நாளில் வெளிக்குப் போகாதவர்

என் கணவருக்கு முப்பத்தொரு வருஷம் மலச்சிக்கல். இப்படி ஆரம்பித்ததற்கே எங்கள் வீதியில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தட்டும். ஜுரம் வந்தால் சொல்கிறோம். சர்க்கரை வந்தால் ஊரைக் கூட்டிச் சொல்கிறோம், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு எத்தனை யூனிட் ஊசி என்று பெருமையாகச் சொல்கிறோம். இதை மட்டும் வாயால் சொல்லக் கூடாதாம். சொல்லாமல் சொல்லாமல்தான் எங்கள் வீடு இந்தக் கதிக்கு வந்தது. மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இப்போதே பிடித்துக்கொள்ளலாம்.

நாங்கள் இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில். அவர் பெருமாள் கோயிலில் அர்ச்சகர். நான் வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவருடைய தம்பி ஒருவர், அவரும் அர்ச்சகர், அடுத்த வீட்டில் இருக்கிறார். இந்தக் கதைக்கு இவ்வளவு பேர் போதும்.

ஏழாம் வகுப்புக்குச் செரிமானப் பாடம் நடத்தும்போது பெருங்குடலைப் பலகையில் வரைவேன். அது சாப்பாட்டுச் சக்கையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, சக்கை அங்கே எத்தனை நாள் தங்குகிறதோ அத்தனைக்கு அத்தனை காய்ந்து கெட்டியாகிறது என்பேன். பிள்ளைகள் சிரிக்கும். "சிரிக்காதீங்க, வந்தா உடனே போகணும், அடக்கக் கூடாது, என்கிட்ட கேக்கக்கூட வேணாம், எழுந்து போங்க" என்று சொல்வேன். அப்படி ஓடின பிள்ளைகள் எத்தனையோ. சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால், நாலு நாளாக வெளிக்குப் போகாத மனுஷர் ஈசிசேரில் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாற்பது பிள்ளைகளுக்குப் புரிய வைத்ததை ஒரே ஒரு ஆளுக்குப் புரிய வைக்க முடியவில்லை என்னால்.

அவருக்குப் புரியாமல் இல்லை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

கோயில் கைங்கரியத்துக்கு அர்ச்சகர்களுக்குள் மாறி மாறி முறை உண்டு. முறை நாளில் அவர் மூன்றரை மணிக்கு எழுந்து, வெளிக்குப் போக முயற்சி செய்து, தலைக்குக் குளித்து, கொடியில் யார் கையும் படாமல் உலர்ந்த மடி வேஷ்டியைக் கட்டிக்கொண்டு, திருமண் இட்டுக்கொண்டு, நாலரைக்கெல்லாம் சந்நிதியில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வெளிக்குப் போனால் மடி போயிற்று. வீட்டுக்கு வந்து மறுபடி தலைக்குக் குளித்து, வேறு மடி கட்டிக்கொண்டு போனால்தான் பெருமாளைத் தொடலாம். அதுவரை பூஜை நிற்கும். வெளியூரிலிருந்து வந்த ஜனம் வரிசையில் நிற்கும். அர்ச்சகர் எங்கே என்று ஒருவர் கேட்பார், எங்கே என்று எல்லாருக்கும் தெரியும்.

மூன்றரை மணிக்கு யாருக்கு வரும்? தூக்கத்திலிருந்து எழுந்த குடல் அது. சரியாக ஏழு மணிக்கு, அவர் பெருமாளுக்குத் திருமஞ்சனமோ அலங்காரமோ செய்துகொண்டிருக்கும்போது, அவருக்கு வரும். கல்யாணமான புதிதில் அவரே சொன்னார், கடிகாரம் மாதிரி ஏழு மணிக்கு வரும் என்று. அவர் அதை அடக்குவார். பத்து நிமிஷம் பல்லைக் கடித்தால் போய்விடும். போனது பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து கூப்பிட்டால் வருமா? வராது. இப்படி வருஷக் கணக்கில் அடக்கினால் ஏழு மணிக்கும் வராமல் போய்விடும். குடல் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்வதையே நிறுத்திவிடும். அவருக்கு அப்படித்தான் ஆயிற்று.

அதோடு தண்ணீர். சந்நிதிக்குள்ளே காற்று கிடையாது. இரண்டு பக்கமும் நெய் விளக்கு, கற்பூரப் புகை, எதிரே ஜனத்தின் மூச்சு. எட்டு மணி நேரத்தில் வேஷ்டி பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வேர்க்கும். ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். பூஜை முடியாமல் வாயில் எதையும் வைப்பதில்லை என்பது ஒன்று, குடித்தால் சிறுநீர் வரும் என்பது இன்னொன்று. வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் குடிப்பார். வேர்வையில் போனது ஒரு குடம்.

சாப்பாடு? புளியோதரை, தயிர்சாதம், மிளகு வடை. வெள்ளை அரிசியும் உளுந்தும் நெய்யும். காய் என்று இலையில் ஒரு ஓரத்தில் விழுந்தால் உண்டு. முறை நாட்களில் எங்கள் வீட்டில் கோஸ், காரட், பீன்ஸ் எதுவும் அடுப்பேறாது, வெளிநாட்டிலிருந்து வந்த சீமைக் காய் என்று. முருங்கை ஆகாது. வெங்காயம் பேச்சே கிடையாது. நான் விடவில்லை. வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரைக்காய், பூசணி, கீரை என்று ஆகிற காயாகத் தேடித் தேடி வாங்கி வந்து இலை நிறையப் போடுவேன். கொய்யாவை விதையோடு கொடுப்பேன். ராத்திரி உலர்ந்த திராட்சையை ஊறப் போடுவேன். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையின் அந்தப் பக்கம் ஒதுக்குவார்.

"இது மாட்டுக்குப் போடற மாதிரின்னா இருக்கு" என்பார்.

"மாட்டுக்கு ஒழுங்கா வருதே, பாத்தேளா?" என்பேன்.

முதலில் இப்படிச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஐந்தாவது நாள் கடைத்தெருவுக்குப் போய் விளக்கெண்ணெய் வாங்கி வருவார். முறை இல்லாத நாளில் குடித்துவிட்டு ஒரே நாளில் ஆறு தடவை போவார். ஆஹா, வயிறு லேசாயிடுத்து என்பார். மறுபடி ஐந்து நாள் ஒன்றும் கிடையாது. பேதிக்குச் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பழக்கினால் குடல் தானாக வேலை செய்வதை மறந்துவிடும் என்று நான் கத்துவேன். அவர் காதில் துண்டைச் சுற்றிக்கொள்வார்.

ஐம்பது வயதுக்கு மேல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. முக்கி முக்கி மூலம் வந்தது. மூலத்தில் ரத்தம் போயிற்று. ரத்தம் போனதால் சோகை. சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், அது இன்னும் கெட்டியாக்கியது. நின்று நின்று முழங்கால் போயிற்று, அதற்கு ஒரு வலி மாத்திரை, அதுவும் மலத்தைக் கட்டியது. குத்துக்காலிட்டு உட்கார முடியாததால் மேல்நாட்டுக் கக்கூஸ் கட்டினோம். அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் அவருக்கு வரவே வராது. பாதத்துக்கு அடியில் ஒரு முக்காலி போட்டு முழங்கால் உயர்ந்திருக்கும்படி உட்காரச் சொன்னேன். "உன் பள்ளிக்கூடத்தை அங்கேயே விட்டுட்டு வா" என்றார்.

கடைசியில் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "காலையில சாப்பிட்டதும் குடல் தானா அசையும். அந்த நேரத்துல பத்து நிமிஷம் போய் உட்காருங்க. வந்தாலும் சரி, வரலேன்னாலும் சரி. தினமும் ஒரே நேரம். முக்காதீங்க. தண்ணி நல்லாக் குடிங்க. கொஞ்சம் நடங்க. மாத்திரையை நான் மாத்தித் தரேன்."

"காலம்பற நான் சாப்பிடறதில்லையே" என்றார் இவர்.

"அப்ப மத்தியானம் சாப்பிட்டதும் போங்க. விடாம ஒரு மாசம் செஞ்சுட்டு வாங்க."

ஒன்பது நாள் செய்தார். நான் வாசலில் காவல் இருந்தேன். எட்டாவது நாளும் ஒன்பதாவது நாளும் பேதி மருந்து எதுவும் இல்லாமல் தானாக வந்தது. அந்த ஒன்பதாவது நாள் அவர் வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கல்யாணத்தன்று கூட அப்படிச் சிரிக்கவில்லை. பத்தாவது நாள் கோயிலில் யாரோ பெரிய மனிதர் வந்ததால் வீட்டுக்கு வர மூன்று மணியாயிற்று. சாப்பிட்டதும் சாயங்காலப் பூஜைக்குக் குளிக்க வேண்டியதாயிற்று. பதினோராவது நாளும் அப்படி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வைகாசி உற்சவம். அவருடைய முறை. உற்சவத்துக்கு முன் ஆறு நாளாக அவருக்குப் போகவில்லை. வயிறு கல்லாக இருந்தது. பத்து நாளும் இப்படியே இருந்தால் மனுஷர் என்னத்துக்கு ஆவார் என்று எனக்குப் பயம். உற்சவத்துக்கு முந்தின நாள் காலையில் விளக்கெண்ணெயை நான்தான் காய்ச்சி, வழக்கத்தைப் போல இரண்டு பங்கு கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை.

மறுநாள் காலை புறப்பாடு. பெருமாள் வாகனத்தில், இவர் பக்கத்தில் மேலே நின்றுகொண்டு தீபாராதனை காட்டிக்கொண்டு வருகிறார். கடைத்தெருவில், பட்டுக்கடைகளின் வாசலில் எல்லாம் ஜனம் தட்டோடு நிற்கிறது. அங்கே வந்தது. ஆறு நாளாக வராதது அங்கே வந்தது. வாகனம் தூக்கி வந்தவர்களை இறக்கச் சொல்லி, குதித்து, மடியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நடுத்தெருவில் ஓடினார். வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, வேறு மடி கட்டிக்கொண்டு திரும்ப ஓடினபோது தம்பி ஏறிவிட்டிருந்தார். இவர் வாகனத்தின் பின்னாலேயே நடந்து வந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? "சாமிய நடுரோட்ல வுட்டுட்டு ஓடினாரே அந்த அய்யரா?" என்று ஒரு பட்டுக்கடை வாசலில் நான் என் காதாலேயே கேட்டேன். கேட்டவனுக்கு வெடுக்கென்று ஒரு பதில் கொடுத்தேன். அதனால் என்ன ஆகப் போகிறது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "உன் மேல தப்பில்லை. என் உடம்புதான் எனக்கு எதிரி" என்றார். நான் ஆறுதலாக இருக்கட்டும் என்று, அடுத்த வருஷம் எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

அடுத்த வருஷம் உற்சவம் வந்தது. இந்தத் தடவை நான் எதுவும் கொடுக்கவில்லை. அவர் நிம்மதியாக இருந்தார், எனக்கே ஆச்சரியம். மூன்றாம் நாள் கேட்டேன், போயிற்றா என்று. "அந்தக் கவலையே இந்த வருஷம் இல்லை" என்றார். ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டார் என்று நானும் சந்தோஷப்பட்டேன். மடச்சி! முப்பது வருஷம் பெருங்குடல் பாடம் நடத்தின மடச்சி.

ஆறாம் நாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஏழாம் நாள் வயிறு உப்பி, வேஷ்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு போனார். காற்றுக்கூடப் போகவில்லை என்றார். அப்போதே தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். வயிறு உப்பி, காற்றும் போகாமல் இருந்தால் ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்கக் கூடாது என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். அன்றைக்கு அவர் "இன்னும் மூணு நாள்தானே" என்றார், நான் விட்டுவிட்டேன். எட்டாம் நாள் காலையில் வாந்தி வருகிறது என்று சந்நிதியிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்து, கிணற்றடியில் பச்சையாக எடுத்துவிட்டு, அங்கேயே சுருண்டு விழுந்தார்.

ஆட்டோக்காரர் தெரிந்தவர். "இன்னாமா, சாமி வயித்தப் புடிச்சிக்கினு இப்டித் துடிக்கிறாரு! நீ ஏறுமா, நா தூக்கியாறேன்" என்று குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வைத்தார். இவர் அந்த வலியிலும் "மடி, மடி" என்றார். ஆட்டோக்காரர் "அட சும்மா இரு சாமி" என்று வண்டியை எடுத்தார்.

குடல் முறுக்கிக்கொண்டு அழுகிவிட்டது என்றார்கள். முப்பது வருஷமாக மலம் நிறைந்து நிறைந்து நீண்டு தொங்கிப் போன குடல், இப்போது இறுகி, தன்னையே சுற்றிக்கொண்டுவிட்டது. வெட்டி எடுத்துவிட்டு, மிச்ச குடலின் நுனியை வயிற்றின் இடது பக்கம் துளை போட்டு வெளியே வைத்துத் தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். உயிர் பிழைத்தது பெரிசு என்றார்கள்.

மாற்று வேஷ்டி எடுக்க வீட்டுக்கு வந்தேன். திருமண் பெட்டியையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார், அதைத் திறந்தேன். அடியில் மாத்திரை அட்டை இரண்டு. வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரை. ஒன்று முழுக்கக் காலி, இன்னொன்றில் நாலு மீதி. முந்தின வருஷம் மாதிரி ஆகக் கூடாது என்று, ஏற்கெனவே கட்டிக் கிடக்கிற வயிற்றை இன்னும் கட்டியிருக்கிறார்! உலகத்தில் மலச்சிக்கல்காரன் எவனாவது இதைச் செய்வானா? நான் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். யாரை அடிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்தது நான்.

அறுவை செய்த டாக்டரிடம் அட்டையைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பையை எப்படிக் கழற்றுவது, கழுவுவது, ஒட்டுவது என்று ஒரு நர்ஸ் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண், நல்ல பெண்.

"இங்க பாருங்க சாமி, இனிமே இது வழியாதான் வரும். அதுக்குன்னு ஒரு டைம் கெடையாது. அது பாட்டுக்கு வரும். நீங்க முக்கவும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அடக்கலாமோ?" என்று கேட்டார் இவர். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அது எப்டி சாமி முடியும்? அடக்கற தசை கீழ இருக்குது. இங்க அது இல்லியே."

 நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று மாதமும் எங்களுக்கு அந்த ஒரு பேச்சுத்தான். நாள்காட்டியைக் கிழிக்கும்போதெல்லாம் இன்னும் இத்தனை நாள் என்பார். கீரை சாப்பிட்டார், வெந்நீர் குடித்தார், காலையும் மாலையும் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். முப்பது வருஷமாகச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். ஆவணியில் இதயத்தைப் பரிசோதித்தார்கள். முதல் ஆபரேஷனிலேயே இதயம் பாதி போயிருந்ததாம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் முடியாது என்றுவிட்டார். இன்னொரு ஊரில் கேட்டோம், அங்கேயும் அதே பதில். பை அப்படியே இருக்க வேண்டியதுதான், நிறைய பேர் இப்படியே நன்றாக வாழ்கிறார்கள் என்றார்கள். வாழ்கிறார்கள், எனக்கும் தெரியும். அவர்கள் எல்லாரும் அர்ச்சகர் இல்லை.

கோயிலில் யாரும் அவரை வராதே என்று சொல்லவில்லை. முறையைத் தம்பி பார்த்துக்கொண்டார். "அண்ணா, நீங்க சும்மா வந்து ஜனம் நிக்கற கம்பிக்கு அந்தண்டை நின்னு சேவிச்சுட்டுப் போங்கோ. யார் என்ன சொல்லப் போறா?" என்றார். இவர் அதற்கும் ஒப்பவில்லை. பையில் துளி இருந்தாலும் கோபுர வாசலைத் தாண்ட மாட்டேன் என்றார்.

நான் சண்டை போட்டேன். "ஊர்ல இருக்கறவா எல்லாரும் அதை வயித்துக்குள்ள சுமந்துண்டுதானே கோயிலுக்கு வரா? உங்களுக்கு வெளியில இருக்கு. அவ்வளவுதானே வித்தியாசம்?"

"அவா அடக்கி வெச்சிருக்கா" என்றார். "என்னால முடியாதே."



தினமும் மூன்றரைக்கு எழுந்திருப்பார். பையைக் கழுவிக் காலி செய்து, குளித்து, மடி கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புவார். எங்கள் வாசலிலிருந்து கோபுர வாசலுக்கு நானூறு அடி இருக்கும். வழியில் இருக்கிற நாலுகால் மண்டபம் வரை போவார். வயிற்றில் இளஞ்சூடு படும். திரும்பி வருவார். மறுபடி கழுவுவார், மறுபடி குளிப்பார், மறுபடி கிளம்புவார். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. நான் வெந்நீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். ஓயாத ஈரத்தில் பை ஒட்டவில்லை, சுற்றிலும் தோல் பச்சைப் புண்ணாகிவிட்டது. பூக்கடைக்காரி அவர் போவதையும் வருவதையும் பார்த்துவிட்டு, பாவம், கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை நானும் கூடவே போனேன். நாலுகால் மண்டபம் தாண்டிவிட்டார். கோபுர வாசலுக்கே வந்துவிட்டார்.  படியில் கால் வைக்கப் போனவர் நின்றார்.

"நீ பாரு. வந்திருக்கா?"

ஓரமாக அழைத்துப் போய், மேல்வேஷ்டிக்குள் கையை விட்டுத் தொட்டேன். சூடாக இருந்தது. கனமாக இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை உங்களில் யார் பார்த்திருந்தாலும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

"ஒண்ணுமில்லை. வெறும் காத்துதான். போங்கோ."

"நிஜமாவா?"

"நிஜமா."

போனார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சேவித்துவிட்டு வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அதற்கு மேல் நினைக்கவில்லை. உள்ளே தம்பி இவரைப் பார்த்துவிட்டார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அண்ணா! உள்ள வாங்கோ அண்ணா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சுத்தமா?" என்று கேட்டார்.

"இவ பாத்தா. சுத்தமா இருக்கு" என்றார் இவர்.

நான் கம்பிக்கு வெளியே நின்று இதைக் கேட்டேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தம்பி தீபாராதனைத் தட்டை இவர் கையில் கொடுத்தார். இவர் பெருமாளுக்குக் காட்டினார், திருவடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஐந்து நிமிஷம் அவர் முகம் இருந்ததைப் பார்த்து நான் பாவமும் புண்ணியமும் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நாளைக்கும் போகலாம், உடம்பு இந்த நேரத்தைப் பழகிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது என்றார். வீட்டுக்குள் வந்ததும் வேஷ்டி மாற்றப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து வெளியே வந்தார்.

"நிறைஞ்சிருக்கே" என்றார்.

"இப்போதான் வந்திருக்கும்."

"ஓரத்துல காஞ்சிருக்கு. நீ சயின்ஸ் டீச்சர். கையை வெச்சாத் தெரியாதா உனக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கை ஓங்கினாலும் ஓங்கட்டும் என்று நின்றேன். அவர் கையை நீட்டிப் பார்த்தார். பெருமாள் திருவடியைத் தொட்ட வலது கையை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மூன்றரைக்கு நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. நாலாயிற்று, ஐந்தாயிற்று. கோயில் மணி அடித்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படி. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். கீரை போட்டால் ஒதுக்காமல் சாப்பிடுகிறார். தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறார். பையை நான் மாற்றினால் மாற்றும்படி விட்டுவிட்டுக் கூரையைப் பார்க்கிறார். புண்கூட ஆறிவிட்டது. அந்த நர்ஸ் பார்த்தால் நல்லாக் கவனிச்சுக்கிறீங்கமா என்று என்னை மெச்சுவாள்.

இன்று அவருடைய முறை நாள். கொடியில் மடி வேஷ்டி உலர்த்தி வைத்திருந்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளைத் தொட்டு, "வெந்நீர் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.